பன்னிரண்டாவது விமானம்

விமானம் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவர் தன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தார். தையல் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் படியேறும்போது, கீழே பித்தான் தைத்துக்கொண்டிருந்தவர் சும்மா நிமிர்ந்து பார்த்ததற்கே தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வந்த பிறகும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"உக்காருங்க சார். நாற்காலி எதையும் வெளிய போய்ச் சொல்லாது" என்றார் சர்வேயரம்மா.

அவரை எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். எரிந்துபோன கிடங்கு, கவிழ்ந்த லாரி, வெள்ளம் புகுந்த கடை என்று போய்ப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். வருகிறவர்களின் சேதம் மட்டும் வேறு வகையாக மாறியிருந்தது. கூடவே இருந்தவர் அவருடைய தம்பி. பேருந்து நடத்துனராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று இன்னமும் மார்தட்டுவார். அக்காவுக்கு உதவி என்று அவர் சொல்லிக்கொண்டாலும், பாதி நேரம் அவர் பிடித்துக் கொடுத்த ஆளை விடுவிப்பதுதான் அக்காவுக்கு வேலையாக இருந்தது.

தலைவர் சட்டைப்பையிலிருந்து மாலைப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாளை மறுநாள் பங்குதாரர் கூட்டம். எங்க வருஷக் கணக்கு முடிவை அன்னிக்குத்தான் வெளியிடணும். அதுவரைக்கும் ஒரு எண்கூட வெளிய போகக்கூடாது, சட்டப்படி. நேத்து சாயங்காலம் என் உரையே பத்திரிகையில வந்துடுச்சு. வழியில பாக்கிறவன் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு."

சர்வேயரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை உரக்கப் படித்தார்.

"'விமானத் தயாரிப்பு நிறுவனத் தலைவர் ஆற்றவிருக்கும் உரையின் விவரம் நமக்குக் கிடைத்துள்ளது. இவ்வாண்டு பதினோரு விமானங்கள் வாங்கியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஒளி குறைந்த புதிய இயந்திரத்தை உருவாக்கப் பெருந்தொகை செலவானபோதிலும் நிறுவனம் சிறு லாபம் ஈட்டியுள்ளது. இந்த நிறுவனம் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை என்று தலைவர் உருக்கமாகக் குறிப்பிடுகிறார்.'"

"அச்சடிச்ச உரை கொண்டுவந்தீங்களா?"

தலைவர் கொடுத்தார். சர்வேயரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தார். அச்சில் பன்னிரண்டு விமானங்கள் என்று இருந்தது.

"பதினொண்ணுன்னு போட்டிருக்காங்களே?"

"அது... அச்சுப்பிழை." தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பன்னிரண்டுதான். போன வருஷக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபடி செஞ்சு காட்டினோம். கடைசியா போனது மருத்துவச் சேவைக்காரங்களுக்கு. ஸ்ட்ரெச்சர் அப்படியே உள்ள போற அகலக் கதவு. அந்தக் கதவு வெச்சு நாங்க செஞ்சது இதுவரைக்கும் அது ஒண்ணுதான். போன மாசமே ஒப்படைச்சாச்சு."

"உரை யார் கையில இருந்தது?"

"என்கிட்ட. அப்புறம் எங்க கணக்கதிகாரிகிட்ட. வேற யாரும் பாக்கல. அதான்..." அவர் குரல் இறங்கியது. "நேத்து வாசல்ல நிறுத்தி அவர் பையைச் சோதிக்கச் சொன்னேன். எல்லாரும் வேலை முடிஞ்சு போற நேரம்."

"கிடைச்சதா?"

"சாப்பாட்டு டப்பா. குடை. சம்சாரத்துக்கு வாங்கின மாத்திரை."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒரு வார்த்தை பேசல. தலையைக் குனிஞ்சிட்டு எல்லாத்தையும் பொறுக்கிப் பையில போட்டுட்டுப் போனார்."

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தப்பு பண்ணாதவன்னா ஊரைக் கூட்டியிருப்பானே! வாயில கொழுக்கட்டையா?"

"சும்மா இருடா" என்றார் அக்கா. "சார், அந்தப் பத்திரிகையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"என் சகலை விளம்பரப் பிரிவுல இருக்கான். அவனுக்கும் எனக்கும் எண்ணெயும் தண்ணியும் மாதிரி. கல்யாணம் காட்சியில பாத்தா தலையாட்டறதோட சரி. நான் அவன்கிட்ட வாயே திறக்கறதில்ல."

"வீட்டுல இதைப் பத்திப் பேசினீங்களா?"

"இல்லைங்க. எந்த முகத்தோட சொல்றது? அந்தப் பத்திரிகையை வீட்டுக்குள்ளயே விடல."

மறுநாள் காலை தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டத் தலைவரே வந்தார். கூடம் ஒரு ரயில் நிலையம்போல நீண்டிருந்தது. இறக்கைகள் மரத் தாங்கிகளின்மேல் கிடந்தன. அலுமினியத் தகடுகளில் ஆணி அடிக்கும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. தலைவர் நடந்து வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இரண்டு நாள் முன்பு வாசலில் நடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாக நடந்தார்.

கூடத்தின் கோடியில் ஒரு விமானம் தார்ப்பாய் போர்த்தி நின்றது. முன்சக்கரத்தின் கால் கழற்றி வைக்கப்பட்டு, மூக்கு ஒரு முட்டின்மேல் நிறுத்தப்பட்டிருந்தது.

"அது அடுத்த வருஷத்து முதல் விமானம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் நிற்காமல் போனார்.

தம்பியால் எதையும் தொடாமல் பார்க்க முடியாது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தார். "யம்மா! எக்கா, இந்தக் கதவு வழியா பீரோவையே படுக்கப் போட்டு ஏத்தலாம் போல. நம்ம பஸ்ஸுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா படிக்கட்டுல ஒருத்தனும் தொங்கியிருக்க மாட்டான்."

சர்வேயரம்மா ஒரு கணம் நின்றார். பிறகு தார்ப்பாயைத் தம்பி கையிலிருந்து வாங்கி, இருந்தபடியே இழுத்து மூடினார்.

கணக்கதிகாரியை அவர் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். மெலிந்த மனிதர். கதவை முழுதாகத் திறக்காமல் இடைவெளியில் நின்றே பேசினார். உள்ளே மனைவி இருமிக்கொண்டிருந்தார்.

"நான் கொடுக்கல" என்றார்.

"தெரியும்" என்றார் சர்வேயரம்மா.

தம்பி திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார். கணக்கதிகாரியும் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு வாசல்ல ஏன் அதைச் சொல்லல?"

அவர் கதவின் தாழ்ப்பாளைத் தடவினார். "நான் யோக்கியன்னு எல்லார் முன்னாடியும் கத்தணும்னா, அப்படி இருந்திருக்கணும் இல்லீங்களா?" என்றார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் தம்பி தெருவில் இறங்கியதும்.

"ஒத்துக்கிட்டார். ஆனா நாம கேட்டதை இல்ல."

கடைசியாகத் தலைவரின் வீடு. தலைவர் அலுவலகத்தில் இருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தார். கூட்ட ஏற்பாட்டு விஷயமாக வந்திருப்பதாகச் சர்வேயரம்மா சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காருங்க அக்கா. நாளைக்கு நானும் வரேன். நீலப் புடவையா, மெரூனான்னுதான் ஒரு வாரமா யோசனை." மோர் கொண்டுவந்து வைத்தார். "இவரு இருக்காரே, உள்ள ரூம்ல ஆளுயரக் கண்ணாடி முன்னாடி நின்னு தினம் ஒத்திகை. பாத்ரூம்ல பாடறதுக்கே கூச்சப்படற மனுஷன்! 'இந்த நிறுவனம் எங்க வீட்டு மூத்த பிள்ளை'ன்னு அவர் சொன்னப்ப, கதவுக்குப் பின்னாடி நின்னிட்டிருந்த எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பாருங்க."

தம்பி மோரை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றார். சர்வேயரம்மா மட்டும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"அவ்வளவு நல்லாப் பேசினாரா? நாலு பேருக்குக் காட்டணும்னு தோணியிருக்குமே."

"தோணாம? அவருக்குத் தெரியாம போன்ல பதிஞ்சு என் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவ வீட்டுக்காரர் எப்பப் பாத்தாலும் 'உங்க மாமாவுக்குப் பேசவே வராது'ம்பாராம். கேட்டுக்கட்டும்னுதான்." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் தேய்ந்தது. "ஏன் அக்கா, ஏதாவது தப்பா?"

சர்வேயரம்மா காலி டம்ளரைக் கீழே வைத்தார். எரிந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு சங்கடம் உண்டு. விளக்கை ஏற்றி வைத்தவரிடமே, தீ எங்கிருந்து தொடங்கியது என்று சொல்லவேண்டியிருக்கும்.

"இன்னிக்குச் சாயங்காலம் அவர் அலுவலகத்துக்கு வாங்கம்மா. போனையும் கொண்டுவாங்க."

தலைவரின் அறையில் ஒரு நீண்ட மேஜை. அதன்மேல் பன்னிரண்டு சின்ன உலோக விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. மறுநாள் விருந்தினருக்குக் காட்டுவதற்கு. கணக்கதிகாரி கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னபோது தலையசைத்து மறுத்தார். தலைவர் அவர் பக்கம் பார்க்கவேயில்லை. மனைவி உள்ளே வந்ததும் எழுந்தார்.

"நீ எதுக்கு வந்த?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் சர்வேயரம்மா. "சார், யாரு வெளிய சொன்னதுன்னு கேட்டீங்க. முதல்ல, எப்படிப் போச்சுன்னு பாப்போம். உங்க அச்சுப் பிரதியில 'ஒலி குறைந்த இயந்திரம்'னு இருக்கு. சத்தம் குறைஞ்சதுன்னு அர்த்தம். பத்திரிகையில 'ஒளி குறைந்த'ன்னு வந்திருக்கு. வெளிச்சம் குறைஞ்ச இயந்திரம்னு ஒண்ணு உண்டா?"

"அடடா!" என்று தம்பி தொடையைத் தட்டினார்.

"தாளைப் பாத்து எழுதினவன் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான். காதால கேட்டு எழுதினவன் பண்ணுவான். நாம பேசறப்ப லகரமும் ளகரமும் ஒரே மாதிரிதானே விழுது? அப்ப, போனது தாள் இல்ல, குரல். அதனாலதான் இவர் கொடுக்கலன்னு எனக்கு முதல் நாளே தெரியும். இவர்கிட்ட இருந்தது தாள். வாசல்ல இவர் பையைக் கொட்டிச் சோதிச்சது வீண்."

கணக்கதிகாரி அசையவில்லை.

"ரெண்டாவது, 'எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை.' அந்த வரி அச்சுல எந்தப் பக்கத்துலயும் இல்ல. எழுதாத வரியை யாரு சொல்லியிருக்க முடியும்? பேசினவர்தான். சார், அது உங்க குரல்."

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். "நான் யார் முன்னாடியும் பேசலியே. வீட்டுல, கண்ணாடி முன்னாடி..." அவர் பார்வை மனைவியிடம் போய் நின்றது.

"நான்தாங்க" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. "தங்கச்சிக்கு அனுப்பினேன். போன்ல பதிஞ்சதை அவ வீட்டுக்காரர் பத்திரிகை ஆளுங்ககிட்டக் கொடுத்திருக்கணும். அச்சுல வந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். பெருமையா இருந்துச்சுங்க. வேற ஒண்ணும் இல்ல."

"என்ன காரியம் பண்ணிட்ட!" தலைவர் எழுந்துவிட்டார். "உன் வாய்ப் பெருமைக்கு என் மானம் போச்சு! நாளைக்கு அவங்க முன்னாடி எப்படி நிப்பேன்?"

"அவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி மூணாவதையும் கேட்டுடுங்க" என்றார் சர்வேயரம்மா. குரல் உயரவில்லை. "பத்திரிகை பதினொண்ணுன்னு போட்டுச்சு. அது பொய்யா இருந்தா, பன்னிரண்டுன்னு ஒரு மறுப்புக் கொடுத்தா முடிஞ்சுபோச்சு. நீங்க கொடுக்கல. காரைத் தள்ளி நிறுத்திட்டு என்கிட்ட வந்தீங்க. உள்ள இருக்கிற யாரோ உண்மையை வெளிய சொல்லிட்டாங்கன்னு பயந்தீங்க. அம்மா, அந்தப் பதிவைக் கொஞ்சம் போடுங்க."

மனைவி பதிவை ஓடவிட்டார். அறையில் தலைவரின் குரல் ஒலித்தது. கம்பீரமாக, இடையிடையே தொண்டையைச் செருமிக்கொண்டு. 'கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம். இந்த ஆண்டு பதினோரு விமானங்களை...' ஒரு கணம் தடங்கல். பிறகு எதுவும் நடக்காததுபோல உரை தொடர்ந்தது.

"போதும்" என்றார் தலைவர்.

மனைவி திகைத்துப்போய் அவரையே பார்த்தார். "ஏங்க பதினொண்ணுன்னு சொன்னீங்க? பன்னிரண்டுன்னுதானே வீட்டுலயும் சொன்னீங்க?"

"தெரிஞ்சதைத்தான் நாக்கு சொல்லும்" என்றார் சர்வேயரம்மா. "பன்னிரண்டாவது அங்க கூடத்துக் கோடியில நிக்குது. அகலக் கதவு வெச்சது ஒண்ணே ஒண்ணுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதைப் போன மாசமே ஒப்படைச்சாச்சுன்னும் நீங்கதான் சொன்னீங்க. தார்ப்பாய்க்கு அடியில அதே கதவு இருக்கு. முன்சக்கரக் கால் கழண்டு கிடக்கு. அது எங்கயும் போகல சார்."

தலைவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"கால் மடங்கி விரியல. சோதனையில ரெண்டு தடவை சிக்கிக்கிச்சு. விமானி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். சரி பண்ணிடலாம், ஒரு மாசம் ரெண்டு மாசம். ஆனா அப்ப வருஷம் முடியற சமயம். கை மாறினாத்தான் விற்பனை. மாறலன்னா லாபம் நட்டமாயிடும். வாங்கறவங்க தலைவர் என் நண்பர். கிடைச்சதுன்னு எழுதிக் கொடுத்தார். எப்படியும் கொடுக்கத்தானே போறோம்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டேன்."

"அந்தக் கடிதத்தை என்கிட்ட கொண்டுவந்தார்" என்றார் கதவோரத்திலிருந்து கணக்கதிகாரி. "விமானம் இங்க நிக்குது, நான் கணக்குல சேக்க மாட்டேன்னேன். உன் சம்சாரத்தோட வைத்தியச் செலவை நிறுவனம்தான் பாக்குது, மறந்துடாதேன்னார். சேத்துட்டேன்."

அந்தக் கடைசிச் சொல் மிக மெதுவாக வந்தது.

தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரைத்தான் இரண்டு நாளாகத் திருடன் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தோம் என்ற நினைப்பு அவரைச் சுட்டது.

தலைவரின் மனைவி கணவர் பக்கம் போகவில்லை. கணக்கதிகாரியிடம் போனார். "உங்க பையையா வாசல்ல கொட்டச் சொன்னார்?" என்று கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். "நான் செஞ்சதுக்கு உங்களை..." மேலே பேச வராமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

தலைவர் கைகளை எடுத்தார். ஒரே நாளில் கிழடு தட்டிப்போயிருந்தார்.

"இப்ப நான் என்ன பண்றது?" என்று சர்வேயரம்மாவைக் கேட்டார்.

"சேதம் எங்கேன்னு காட்டறது வரைக்கும்தான் என் வேலை சார்."

மறுநாள் கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. சர்வேயரம்மாவும் தம்பியும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். தலைவரின் மனைவி சாம்பல் நிறப் புடவையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்கதிகாரிக்கு மேடையில் வழக்கமாகப் போடும் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கீழே, சுவரோரம் நின்றார்.

தலைவர் உரைத் தாளைப் பிரிக்கவில்லை.

"இந்த வருஷம் நாம ஒப்படைச்சது பதினோரு விமானம். உங்க கையில இருக்கிற அறிக்கையில பன்னிரண்டுன்னு இருக்கு. அது பொய். பொய்னு தெரிஞ்சே அச்சடிக்கச் சொன்னது நான். லாபம்னு போட்டிருக்கிற இடத்துல நட்டம்னு வாசிச்சுக்கோங்க." குரல் உடைந்தது. ஒலிபெருக்கி அதை மறைக்காமல் அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. "இது வெளிய வந்ததுக்கு நம்ம கணக்கதிகாரி காரணம்னு சொல்லி, வாசல்ல வெச்சு அவரை அவமானப்படுத்தினேன். அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. இதைக் கணக்குல சேக்க மாட்டேன்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான். உங்க எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

தலைகள் எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பின. கணக்கதிகாரி ஓரடி முன்னால் வந்தார்.

"மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் சேத்தேன். கையெழுத்து என்னுது. நானும் வேலையில இருக்கக்கூடாது. அதையும் சொல்லிடுங்க."

தலைவர் அவரைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்ப்பது அதுதான். "சேத்தார்" என்றார். "நான் மிரட்டினேன், அவர் சேத்தார். ரெண்டு பேரும் இன்னிக்கோட விலகறோம்."

கைதட்டல் இல்லை. முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கூச்சல். பாதிப் பேர் எழுந்து கத்தினார்கள், மீதிப் பேர் போனில் பேசத் தொடங்கினார்கள். யாரோ அறிக்கையை இரண்டாகக் கிழித்து மேடையை நோக்கி வீசினார்.

கூச்சலுக்கிடையே தலைவரின் மனைவி எழுந்து மேடைப் படியேறினார். இரவு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது இரண்டு பேரின் கண்களிலும் தெரிந்தது.

"வாங்க, பின்வாசல் வழியா போயிடலாம். கார் நிக்குது."

"நீ போ" என்றார் தலைவர். "அவங்களுக்குக் கேள்வி இருக்கும். கேக்கட்டும்."

அவர் நாற்காலியைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மனைவி படியிறங்கவில்லை. பிறகு கணக்கதிகாரிக்குப் போட்டிருந்த காலி நாற்காலியை இழுத்தார். தான் உட்காரவில்லை. சுவரோரம் நின்றவரைப் பார்த்து, வாங்க என்று கையால் கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கி மேடையேறி வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு, மனைவி கணவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"கேளுங்க" என்றார் தலைவர்.